வண்டி பெட்ரோல் குடிக்குதா? கார்புரேட்டரைப் பாருங்க!

குழுக் கடனில் வாங்கிய பழைய மொபெட், ஸ்கூட்டரில்தான் நம்மில் பலர் சந்தைக்குப் போகிறோம். பெட்ரோல் செலவு கூடினால் தவணைக்குக் காசு மிஞ்சாது.

காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். விறகடுப்பு மாதிரிதான், காற்று குறைந்தால் கரும்புகை வரும்.

இன்ஜின் ஆறியபின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

* காபிப்பொடி நிறம்: கலவை சரி.
* கரி படிந்த கறுப்பு: பெட்ரோல் அதிகம்.
* வெளுப்பு: காற்று அதிகம்; இன்ஜின் சூடேறிக் கெடும்.

சரிசெய்யும் முறை:

1. முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்திருந்தாலும் பெட்ரோல் வீணாகும்.
2. 10 நிமிடம் ஓட்டி, திறந்த வெளியில் ஸ்டாண்டு போட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். மூடிய அறையில் கூடவே கூடாது. புகை உயிரையே எடுக்கும்.
3. ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக இருபக்கமும் திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறி, சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள்.
4. பிறகு ஸ்லோ ஸ்பீடு ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. அவற்றில் கை வைக்காதீங்க.

நாமே திருப்பாவிட்டாலும் பரவாயில்லை. "பிளக் கறுப்பா இருக்கு, கலவையைப் பாருங்கண்ணே" என்று மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்தாலே, தேவையில்லாத செலவு நம் தலையில் விழாது.