சர்வதேசச் சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு

மார்ச் மாதம் வந்தால் எங்கள் சனத்துக்கு ஜெனீவா ஞாபகம் வந்துவிடும். 2012இலிருந்து மனித உரிமைப் பேரவையில் இலங்கை பற்றிய தீர்மானங்கள் அடுத்தடுத்து வருவதால், கனடாவின் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோவிலில் அன்னதான வரிசையில் நிற்கிறவர்கூட எத்தனை நாடு ஆதரவு, எத்தனை நாடு எதிர்ப்பு என்று ஒப்புவிப்பார். அப்படிப்பட்ட ஊரில் ஓய்வுபெற்ற சர்வதேசச் சட்ட ஆசிரியன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் விடுவார்களா? "மகள் இன்ரநாஷனல் லோதான் செய்வன் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறாள். இதில வேலை வெட்டி கிடைக்குமோ? நீங்கள் ஒருக்காக் கதைச்சுப் பாருங்கோ" என்று தகப்பன் பிடித்துக்கொள்வார். மகளோ, ஹேக் நகரில் போர்க்குற்ற வழக்கு வாதாடும் எண்ணத்தோடு வந்து நிற்பாள்.

அந்த எண்ணத்தை நான் குறை சொல்வதில்லை. ஆனால் அது இந்தத் துறையின் ஒரு மூலை மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கடல் எல்லை, வான்வழி, வர்த்தகம், முதலீடு, வரி, ஆற்றுநீர் என்று ஆள் தேவைப்படுகிற இடங்கள் வேறு. இலங்கையிலிருந்து போய்ச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த முத்துக்குமாரசுவாமி சொர்ணராஜா, வெளிநாட்டு முதலீட்டுச் சட்டம் பற்றி 1994இல் ஒரு நூல் எழுதினார். வறிய நாடுகளின் பக்கம் நின்று எழுதப்பட்ட அந்தப் புத்தகத்தை, அவரோடு அடியோடு முரண்படுகிறவர்களும் தள்ளிவைக்க முடியாது. தலைப்பைக் கேட்டால் எந்த இளைஞனுக்கும் கொட்டாவி வரும். எங்கள் ஆட்களில் ஒருவர் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது இப்படியான கொட்டாவித் தலைப்பில்தான்.

வகுப்பறையிலும் பிறகு தூதுக்குழுக்களின் சட்ட ஆலோசகனாகவும் இருந்து நான் கண்டது இதுதான்: ஏதோ ஒரு சின்ன விடயத்தை அடிவரை அறிந்தவனைத்தான் அரசு தேடி வருகிறது. எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவர்கள் வெளிநாட்டு அமைச்சில் ஏற்கெனவே நிறையப் பேர்.

பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி காட்டுகிற ஆள் எஸ். ஜெயக்குமார். 1939இல் சிங்கப்பூரில் பிறந்த தமிழர். அங்கே பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்துக்கொண்டிருந்தவரை 1971இல் ஐ.நா.வுக்கான தூதராக்கி நியூயோர்க்குக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் கனடாவுக்கான உயர்ஸ்தானிகரும் அவரே. திரும்பிப்போய்ச் சட்டபீடத்தின் பீடாதிபதியானார்; ஐ.நா. கடற்சட்ட மாநாட்டிலும் தன் நாட்டுக் குழுவில் இருந்தார். பிறகு அரசியல்: உள்துறை, சட்டம், வெளியுறவு என்று அமைச்சுகள், துணைப் பிரதமர் பதவி. சின்ன நாட்டில் ஆள் குறைவு, அதனால் இடம் கிடைத்தது என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பெட்ரா பிராங்கா வழக்கைப் பார்த்தால் அந்த விளக்கம் போதாது.

பெட்ரா பிராங்கா என்பது சிங்கப்பூர் நீரிணையின் கிழக்கு வாசலில் உள்ள 137 மீற்றர் நீளப் பாறை. மேலே ஒரு கலங்கரை விளக்கம். 1979இல் மலேசியா ஒரு வரைபடத்தில் அதைத் தன்னுடையதாகக் காட்டியதிலிருந்து பிணக்கு. 2007 நவம்பரில் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் வாதம் நடந்தபோது, துணைப் பிரதமராக இருந்த ஜெயக்குமாரே நீதியரசர்கள் முன் எழுந்து பேசினார். 2008 மே 23இல் தீர்ப்பு, 12க்கு 4. பாறை சிங்கப்பூருக்கு. தீர்ப்பில் பெரும் பாரத்தைத் தாங்கியது ஒரு கடிதம். 1953 ஜூனில் சிங்கப்பூரின் குடியேற்ற அரசு, இன்று மலேசியாவில் உள்ள ஜொகூரிடம் அந்தப் பாறையின் நிலைமை என்ன என்று கேட்டெழுத, செப்டெம்பரில் ஜொகூரின் பதில் அரச செயலாளர், அதன் உரிமையை ஜொகூர் கோரவில்லை என்று பதில் அனுப்பியிருந்தார். அதை எழுதியவருக்கு அன்று அது ஒரு சாதாரண அலுவலகக் கடிதமாகத்தான் இருந்திருக்கும். அரை நூற்றாண்டு கழித்து ஒரு தீவின் உரிமை அதில் தொங்கியது.

ஆகவே பாடப்புத்தகத்தோடு நின்றுவிடாமல் ஆவணக் காப்பகத்துக்குப் போகப் பழகுங்கள். பழைய கடிதம், கோப்பின் ஓரக் குறிப்பு, வரைபடத்தின் மூலையில் உள்ள விளக்கம் எல்லாவற்றையும் சலிக்காமல் வாசிக்கிறவனுக்குத்தான் இந்தத் தொழில் சரிவரும். கச்சதீவு பற்றி மணிக்கணக்காக வாதாடுகிற நம்மவர்களில் 1974, 1976 உடன்படிக்கைகளை முழுதாக வாசித்தவர் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பிள்ளைகளுக்கு நான் காட்டுகிற இன்னொருவர் கிறிஸ்ரோபர் வீரமந்திரி. இலங்கை உயர் நீதிமன்ற நீதியரசர், பிறகு ஒஸ்ரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1991 தொடக்கம் 2000 வரை சர்வதேச நீதிமன்ற நீதியரசர். 1997இல் டானியூப் ஆற்று அணை பற்றி ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடியபோது, அவர் தன் தனிக்கருத்தில் இலங்கையின் பழங்காலக் குளங்களையும் நீர்ப்பாசனத்தையும் கொண்டுவந்தார். ஐரோப்பிய அணை வழக்கில் அநுராதபுரத்துக் குளத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இயற்கையைப் பேணிக்கொண்டே அபிவிருத்தி செய்யும் எண்ணம் நேற்று மேற்கில் முளைத்ததல்ல என்று காட்ட அவருக்கு அது தேவைப்பட்டது. உங்கள் ஊரின் கிணற்றுப் பங்கு, கரைவலைப் பாடு, தேசவழமை ஆகியவற்றை வெட்கப்படாமல் ஆய்வுக்குள் கொண்டுவாருங்கள்.

இனி, பேச்சுவார்த்தை அறை. தொலைக்காட்சியில் காட்டுகிற குதிரைலாட மேசையில் வாசிக்கப்படுவது முன்கூட்டியே எழுதிய உரை. உண்மையான வேலை பக்கத்து அறையில் நடக்கும். திரையில் வரைவு ஓடிக்கொண்டிருக்கும். உடன்பாடு வராத ஒவ்வொரு சொல்லும் சதுர அடைப்புக்குறிக்குள் கிடக்கும். ஐ.நா. மொழிபெயர்ப்பாளர்களின் பிற்பகல் அமர்வு 3 மணிக்குத் தொடங்கி 6 மணிக்கு முடியும். அவர்கள் எழுந்து போனபின்தான் சூடு பிடிக்கும். பிறகு எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு காற்புள்ளிக்காக இரவு பத்து மணிவரை இருந்திருக்கிறேன். எதிரே இருக்கிறவருக்கு அவருடைய தலைநகரம் என்ன கட்டளை கொடுத்திருக்கும் என்று ஊகித்து, அவர் அங்கே சொல்லித் தப்பக்கூடிய ஒரு வாக்கியத்தை நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். வகுப்பில் நல்ல வாதம் வைத்தால் கைதட்டுவார்கள். இங்கே எதிராளி அது தன் வாக்கியம் என்று நினைத்துக்கொண்டு போனால்தான் வெற்றி.

பெயர் கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகச் சட்ட ஆசிரியர் ஜோன் ஹம்ப்ரி, 1947இல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை 48 உறுப்புரைகளோடு தயாரித்தார். பெருமையெல்லாம் பல பத்தாண்டுகளாக பிரான்சின் ரெனே கசானுக்கே போனது. 1968இல் சமாதான நோபல் பரிசும் அவருக்குத்தான். ஆய்வுக் கட்டுரையில் தன் பெயர் எத்தனையாவதாக வருகிறது என்று சண்டை பிடிக்கிற சுபாவம் உள்ளவர்கள் பல்கலைக்கழகத்திலேயே இருப்பது நல்லது. பல்கலைக்கழகம், அரச ஆலோசனை இரண்டிலும் கால் வைப்பவர்கள், எதைப் பற்றி எழுதலாம், எதைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்று ஆலோசகர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னரே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வேலை செய்த ஓர் உடன்படிக்கை பற்றி இன்றுவரை ஒரு பந்திகூட எழுதவில்லை.

தகப்பன்மார் கேட்கிற வேலைக் கேள்விக்கு வருகிறேன். ஒன்ராறியோ சட்டத்தரணித் தகுதியை முதலில் எடுத்து வையுங்கள். பேராசிரியர் பதவி அரிது, ஐ.நா. வேலை பெரும்பாலும் தவணை ஒப்பந்தம். சர்வதேசச் சட்டத்துக்காக ஹேக்வரை போகவும் தேவையில்லை. சுரேஷ் வழக்கில் 2002 ஜனவரியில் கனடிய உச்ச நீதிமன்றம், சித்திரவதை ஆபத்து உள்ள நாட்டுக்கு ஓர் ஆளைத் திருப்பி அனுப்புவது பற்றிச் சொன்னதில் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கைக்குப் பெரிய இடம் இருந்தது. அந்த மனுதாரர் ஓர் ஈழத்தமிழர். ரொறன்ரோவில் அகதி வழக்குப் பார்க்கிற சட்டத்தரணிக்கு இது அன்றாடச் சாமான்.

பிரெஞ்சு படியுங்கள். சர்வதேச நீதிமன்றத்தின் உத்தியோக மொழிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான். ஒட்டாவாவிலும் அது இல்லாமல் மேலே ஏறுவது கடினம். பல்கலைக்கழகத்தில் ஜெசப் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் பெயர் கொடுங்கள். ஹேக் அக்கடமியின் கோடைகால வகுப்புகளுக்குப் புலமைப்பரிசில் உண்டு, விண்ணப்பியுங்கள். சர்வதேச நீதிமன்றத்தின் இளம் பட்டதாரிகளுக்கான பயிற்சிக்கு உங்கள் பல்கலைக்கழகம்தான் பெயரைப் பரிந்துரைக்க வேண்டும். அதனால் பீட அலுவலகத்தில் நேரத்தோடு விசாரியுங்கள்.

காசு செலவழிக்க முன்னர் ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளலாம். பெட்ரா பிராங்கா வழக்கில் இரு தரப்பும் கொடுத்த எழுத்துவாதங்களும் வாய்வாதங்களும் சர்வதேச நீதிமன்றத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. யங் வீதி வழியே ஃபிஞ்ச் நிலையத்துக்குப் போகிற வீவா பஸ்ஸில் இருந்தே வாசிக்கலாம். முதல் நூறு பக்கத்தில் தூக்கம் வராவிட்டால் வந்து என்னைச் சந்தியுங்கள், மிச்சத்தைப் பேசுவோம்.