பன்னிரண்டாவது ஆளாக நின்ற தலைவர்

(மூன்றாமாண்டு வரலாற்று மாணவன், பட்டினச்சேரி)

விளையாட்டு வீரர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவருடைய வெற்றிகளை வரிசைப்படுத்துவதே வழக்கம். இக்கட்டுரையில் நான் அவ்வழி செல்லவில்லை. ஒருவர் எத்தனை முறை வெளியே நிறுத்தப்பட்டார், எத்தனை முறை திரும்பி வந்தார் என்ற கணக்கைப் பார்க்க விழைந்தேன். இந்த ஆசை எனக்கு வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு கல்லூரிகளுக்கிடையேயான கிரிக்கெட் பந்தயத்தில் நான் பன்னிரண்டாவது ஆள். இரண்டு நாளும் தண்ணீர்ப் புட்டிகளைச் சுமந்துகொண்டு உள்ளே ஓடுவதும் வெளியே வருவதுமாகக் கழிந்தது. வீட்டுக்கு வந்து, இனி அந்தப் பக்கமே போவதில்லை என்றேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்த தாத்தா தலை நிமிராமல், "வெங்கட்ராகவனே தண்ணி தூக்கினவருதான்டா. அதுவும் முந்தின பந்தயத்துல காப்டனா இருந்துட்டு" என்றார். நான் நம்பவில்லை. ஆங்கிலேயர் ஆளாத காரைக்காலுக்குக் கிரிக்கெட்டைக் கொண்டுவந்தது டிரான்சிஸ்டர்தான் என்பது தாத்தாவின் கட்சி. சேப்பாக்கத்துத் தமிழ் வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. கேட்டதைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் அவர் வழக்கம். ஆகவே நூலகத்தில் தேடினேன். தாத்தா கூட்டிச் சொல்லவில்லை.

ஸ்ரீநிவாசராகவன் வெங்கட்ராகவன் 1945 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியற் கல்லூரியில் படித்தவர். 1965 பிப்ரவரியில், இருபது வயது நிரம்புமுன், சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தம் முதல் டெஸ்டை ஆடினார். அத்தொடரின் டெல்லி டெஸ்டில் ஓர் இன்னிங்ஸில் 72 ஓட்டங்களுக்கு 8 விக்கெட்டும், மறு இன்னிங்ஸில் 80 ஓட்டங்களுக்கு 4 விக்கெட்டும் எடுத்தார். நான்கு டெஸ்டுகளில் 21 விக்கெட்டுகள். நம்மைப் போன்றதொரு கல்லூரி மாணவனின் கணக்கு இது என்பதை நண்பர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படித் தொடங்கியவருக்கு அணியில் நிரந்தர இடம் கிடைத்திருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். கிடைக்கவில்லை.

காரணம் விளங்க வேண்டுமானால் ஆஃப் ஸ்பின் என்னும் கலையைச் சற்று அறிந்திருத்தல் வேண்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு வெளிப்புறம் விழுந்து உட்புறமாகத் திரும்பும் பந்து அது. ஓர் அணியில் இந்த வேலைக்குப் பொதுவாக ஓர் ஆள் போதும். அன்றைய இந்திய அணியிலோ இடக்கைச் சுழலுக்குப் பேடியும், லெக் ஸ்பின்னுக்குச் சந்திரசேகரும் இருந்தனர். எஞ்சிய ஓர் இடத்துக்கு இருவர் போட்டியிட்டனர். ஒருவர் மைசூர்க்காரரான பிரசன்னா, மற்றவர் நம் வெங்கட். இருவரும் பொறியாளர்கள். பிரசன்னா பந்தை உயரத்தில் மிதக்கவிட்டு, ஆட்டக்காரரை முன்னே வரச் சொல்லி ஏமாற்றுவார். நெட்டையான வெங்கட் சற்று வேகமாக, தாழ்வாக, குறி தவறாமல் வீசுவார். அடிக்க முயல்பவனைப் பிடிப்பது ஒருவர் வழி என்றால், அடிக்கவே விடாமல் பொறுமையைக் குலைப்பது மற்றவர் வழி. நால்வரும் சேர்ந்து ஆடிய டெஸ்ட் 1967இல் எட்ஜ்பாஸ்டனில் நடந்த ஒன்றே ஒன்றுதான். மற்றப்படி யாராவது ஒருவர் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அந்த ஒருவர் பல முறை வெங்கட்டாக இருந்தார்.

தேர்வுக் குழுவினர் ஓரவஞ்சனை செய்தார்கள் என்று எழுதிவிட்டால் தமிழ் நெஞ்சங்கள் மகிழும். ஆனால் எண்கள் அவ்வளவு எளிதில் இசையவில்லை. வெங்கட் 57 டெஸ்டுகளில் 156 விக்கெட்டுகள். பிரசன்னா 49 டெஸ்டுகளில் 189. வெங்கட்டின் ஒவ்வொரு விக்கெட்டுக்கும் இந்தியா சுமார் 36 ஓட்டங்கள் கொடுத்திருக்கிறது. பிரசன்னாவுக்குச் சுமார் 30. தேர்வாளர்களுக்குத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை. வெங்கட்டின் பக்கம் தராசைச் சாய்த்தவை வேறு சில. கல்லியிலும் ஷார்ட் லெக்கிலும் நின்று டெஸ்டில் மட்டும் 44 பந்துகளைப் பிடித்தவர் அவர். தலைக்கவசம் இல்லாத காலத்தில் மட்டைக்கு அவ்வளவு அருகே நிற்பது என்னவென்று, நம் கடற்கரையில் ரப்பர் பந்தை முகத்தில் வாங்கிய எனக்குக் கொஞ்சம் தெரியும். பின்வரிசையில் மட்டையும் பிடிப்பார். டெஸ்டில் இரண்டு அரைச்சதம் உண்டு.

நிற்க. 1971ஆம் ஆண்டுக்கு வருவோம். வடேகர் தலைமையில், வெங்கட் துணைத் தலைவராக, அணி மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றது. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இரண்டாம் இன்னிங்ஸில் அவர் 95 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா முதன்முதலாக மேற்கிந்திய அணியை ஒரு டெஸ்டில் வென்றது. காவஸ்கர் அறிமுகமான பந்தயம் என்றே அதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அத்தொடரில் வெங்கட்டுக்கு 22 விக்கெட்டுகள். அதே ஆண்டு இங்கிலாந்தில் மூன்று டெஸ்டுகளிலும் அவரே ஆடினார். பிரசன்னாவுக்கு ஒன்றிலும் இடமில்லை. ஓவலில் சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 பேரை வீழ்த்திய புகழ்பெற்ற நாளில் மறுமுனையில் பந்தை இறுக்கிப் பிடித்தவர்களில் வெங்கட்டும் ஒருவர். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் ஒருவர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். இதைப் படித்தபோது எனக்கு முதலில் வெங்கட்டின் மேல் அல்ல, பிரசன்னாவின் மேல்தான் இரக்கம் வந்தது.

இனித் தாத்தா சொன்ன செய்தி. 1974 டிசம்பரில் மேற்கிந்திய அணி இங்கே வந்திருந்தது. பட்டோடிக்குக் காயம், காவஸ்கருக்கும் காயம். ஆகவே டெல்லி டெஸ்டுக்கு வெங்கட்ராகவன் தலைவரானார். ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 192 அடித்தார். இந்தியா இன்னிங்ஸ் தோல்வி கண்டது. அடுத்த டெஸ்ட் கல்கத்தாவில். பட்டோடி திரும்பினார். முந்திய டெஸ்டின் தலைவர் இதில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர்! நேற்றுவரை யாரை எங்கே நிறுத்துவது என்று கட்டளையிட்டவர் இன்று அவர்களுக்கே தண்ணீர் கொண்டு செல்ல வேண்டும். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. அடுத்த ஆண்டே, 1975இல், முதல் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவின் தலைவர் அவர்தான்.

தலைமை அவருக்கு ராசியாக அமையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1975, 1979 ஆகிய இரு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து ஆறு ஆட்டங்களில் கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே வென்றோம். 1979இல் டெஸ்ட் தகுதி பெறாதிருந்த இலங்கையிடமும் தோற்றோம். அதே கோடையில் இங்கிலாந்துடன் ஆடிய நான்கு டெஸ்டுகளில் ஒன்று தோல்வி, மூன்று சமன். ஓவலில் 438 ஓட்டங்கள் தேவையாயிருக்க, காவஸ்கரின் 221 ஓட்டங்களால் 8 விக்கெட்டுக்கு 429 வரை எட்டிப் பிடிக்கப் பார்த்தோம். அந்த அணி தாயகம் திரும்பிய விமானத்திலேயே, புதிய தலைவர் காவஸ்கர் என்று விமானி அறிவித்தாராம். தலைவர் தம் பதவி போன செய்தியைப் பயணிகளோடு பயணியாகக் கேட்டிருக்கிறார். அடுத்து வந்த ஆஸ்திரேலியத் தொடரில் அதே காவஸ்கரின் தலைமையில் பந்து வீசினார்.

பிறகு அணியிலிருந்து விலக்கப்பட்டார். அத்துடன் கதை முடிந்தது என்றுதான் யாவரும் நினைத்திருப்பர். 1983இல், முப்பத்தெட்டாம் வயதை எட்டும் நிலையில், மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் அணியில் மீண்டும் அவர் பெயர் வந்தது. சில வாரங்கள் கழித்து ஜூனில் கபில்தேவ் உலகக் கோப்பையை ஏந்தியபோது, முதலிரு கோப்பைகளில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கியவர் அந்த அணியில் இல்லை. செப்டம்பரில் ஜலந்தரில் பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியதே அவருடைய கடைசி டெஸ்ட். முதலுக்கும் கடைசிக்கும் இடையே பதினெட்டரை ஆண்டுகள். என் தலைமுறையின் நாயகரான அஸ்வின் 2011 முதல் 2024 வரை 106 டெஸ்டுகள் ஆடி 537 விக்கெட்டுகள் எடுத்தார். அதைவிட நீண்ட காலத்தில் வெங்கட்டுக்குக் கிடைத்தவை 57தான்.

மற்ற நாள்களில் என்ன செய்தார்? ரஞ்சியில் தமிழ்நாட்டுக்காக வீசிக்கொண்டிருந்தார். ரஞ்சியில் 530 விக்கெட்டுகள். முதல்தரப் பந்தயங்கள் யாவும் சேர்ந்து 1390. இங்கிலாந்தில் டெர்பிஷயர் அணிக்கும் ஆடினார். இவ்வளவு வீசியும் ரஞ்சிக் கோப்பை அவர் கைக்கு வரவில்லை. 1973இல் சேப்பாக்கத்து இறுதிப் பந்தயம் மூன்றாம் நாள் தொடங்கியவுடனே பம்பாயின் வெற்றியாக முடிந்தது. சென்னை கோப்பையை வென்றது 1954-55இல். தமிழ்நாடு மறுபடி வென்றது 1987-88இல். அவர் ஆடிய காலம் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவே அடங்கிவிடுகிறது. (நம் புதுச்சேரி ரஞ்சியில் கால் வைத்தது 2018-19இல்தான். கோப்பையைப் பற்றி நாம் இப்போது பேச வேண்டியதில்லை.)

பின்னர் வெள்ளைக் கோட்டு அணிந்து நடுவராக வந்தார். 1993 முதல் 2004 வரை 73 டெஸ்டுகள். தாம் ஆடியவற்றைவிட அதிகம். 1999 ஜூன் 17 அன்று உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் 213 ஓட்டங்களில் சமன் ஆன எட்ஜ்பாஸ்டன் ஆட்டத்தில், களத்தில் நின்ற இரு நடுவர்கள் ஷெப்பர்டும் வெங்கட்ராகவனும். 32 ஆண்டுகளுக்கு முன் நால்வரும் சேர்ந்து ஆடிய அதே மைதானம். 2003இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதித் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். மீன்பிடித் தடைக்காலம், படகுகள் கரையேறிக் கிடந்தன. மணலில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். எண்களை அவர் அவ்வளவாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்.

"அவரு தண்ணி தூக்கின பந்தயம் என்னாச்சு?"

"நாமதான் ஜெயிச்சோம் தாத்தா. 85 ஓட்டத்துல."

"ம்" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூலைக் கோத்துத் தரும்படி என்னிடம் நீட்டினார். பந்து பொறுக்க ஆள் போதவில்லை என்று மணலிலிருந்து பையன்கள் கூப்பிட்டார்கள். கோத்துக் கொடுத்துவிட்டுப் போனேன்.