வேரடியில் ஒரு வரவு செலவு

ஆண்டுதோறும் பருவமழை தொடங்கும் நாட்களில், ஐதராபாத்தைச் சுற்றியுள்ள எங்கள் கிளைகளுக்குப் பயிர்க்கடனைப் புதுப்பிக்க உழவர்கள் வருகின்றனர். துவரை, சோளம், பருத்தி பயிரிடுவோரே அவர்களுள் மிகுதி. சென்ற பருவத்தில் விகாராபாத் பகுதியிலிருந்து வந்த ஒரு பெரியவர், கடன் தொகையை உயர்த்தித் தருமாறு கேட்டார். செலவுக் கணக்கைப் பார்த்தோம். டி.ஏ.பி. உரத்துக்கான தொகை ஆண்டுக்காண்டு ஏறியிருந்தது, விளைச்சல் ஏறவில்லை. "சென்ற ஆண்டு இட்ட உரமெல்லாம் எங்கே போயிற்று ஐயா?" என்று அவரே எங்களைக் கேட்டார்.

வணிகவியல் படித்த எங்களிடம் அதற்கு உடனே விடை இல்லை. தேடிக் கற்றதை வாடிக்கையாளர்களுடன் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முடங்கிப்போகும் முதலீடு

பயிருக்கு இடும் மணிச்சத்தில் முதற்பருவத்திலேயே பயிருக்குக் கிடைப்பது பொதுவாக நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியது பெரும்பாலும் மண்ணிலேயே தங்குகிறது. செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும், சுண்ணாம்பு மிகுந்த கரிசல் மண்ணில் கால்சியமும் அதைப் பிணைத்துக்கொள்கின்றன. தழைச்சத்தைப் போல மணிச்சத்து நீரோடு எளிதில் நகர்வதும் இல்லை. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலுள்ள சத்தை உறிஞ்சியபின், அவ்விடம் வெறுமையாகிவிடுகிறது. சற்று அப்பால் இருப்பு இருந்தும் வேருக்கு எட்டுவதில்லை. கணக்கில் பணம் இருந்தும் எடுக்க இயலாத நிலை இது.

இயற்கையின் இடைத்தரகர்

இங்கேதான் மண்ணிலுள்ள ஒருவகைப் பூஞ்சைகள் துணைக்கு வருகின்றன. 1885ஆம் ஆண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க், மரவேர்களைச் சூழ்ந்த பூஞ்சை நோயன்று, துணையே என்று கண்டு, அந்த இணைப்புக்கு 'மைக்கோரைசா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்னும் இரு சொற்களின் கூட்டு அது. நம் பயிர்கள் பெரும்பாலானவற்றில் காணப்படும் வகையைத் தமிழில் வேர் உட்பூசணம் என்பர். உரக்கடைகளில் 'வேம்' என்று கேட்டால் கிடைக்கும்.

இப்பூஞ்சையின் இழைகள் வேரைவிடப் பன்மடங்கு மெல்லியவை. வேர் நுழைய இயலாத மண் இடுக்குகளிலும் புகுந்து, வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தொலைவு வரை பரவி, மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் திரட்டி வருகின்றன. வேரின் உயிரணுக்களுக்குள் பூஞ்சை சிறு மரம்போலக் கிளைத்து நிற்கிறது. கொடுக்கல் வாங்கல் நடைபெறும் கவுன்ட்டர் அதுவே. பூஞ்சை சத்தைக் கொடுக்கிறது. இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரையிலும் கொழுப்பிலும் ஒரு பங்கைச் செடி கொடுக்கிறது. நிலத்தாவரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவை இவ்வகைக் கூட்டுறவில் வாழ்கின்றன. ஸ்காட்லாந்தில் கிடைத்த, ஏறத்தாழ 40 கோடி ஆண்டுப் பழமையான தாவரப் புதைபடிவங்களிலும் இதன் அடையாளம் உள்ளது.

இதில் ஏமாற்றுவோர் இருந்தால்? நெதர்லாந்தில் பணியாற்றும் டோபி கியர்ஸும் அவர்தம் குழுவினரும் குதிரைமசால் இனச் செடி ஒன்றைக்கொண்டு 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. மிகுதியாகச் சத்தளித்த பூஞ்சைக்குச் செடி மிகுதியாகச் சர்க்கரை அளித்தது. அவ்வாறே, மிகுதியாகச் சர்க்கரை அளித்த வேருக்குப் பூஞ்சை மிகுதியாகச் சத்தளித்தது. நாணயமானவருக்கே கடன் என்னும் நம் நெறி வேரடியிலும் உண்டு.

பட்டஞ்செருவின் பங்கு

ஐதராபாத்துக்கு அருகே பட்டஞ்செருவில் 1972ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இக்ரிசாட் ஆய்வு நிறுவனத்தின் வளாகத்தில் செம்மண்ணும் கரிசல் மண்ணும் ஒருங்கே உள்ளன. அந்நிறுவனத்தார் கம்புப் பயிரில் நடத்தி 1985ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, பூஞ்சையோடு கூட்டுச் சேரும் அளவு இரகத்துக்கு இரகம் வேறுபடுகிறது எனக் காட்டிற்று. 1990ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு துவரையின் தனித்திறனை விளக்கியது: துவரை வேரில் சுரக்கும் பிசிடிக் அமிலம், செம்மண்ணில் இரும்போடு பிணைந்த மணிச்சத்தை விடுவிக்கிறது. சோளத்தோடு துவரையை ஊடுபயிராக இடும் நம் முன்னோர் வழக்கத்தின் நன்மைக்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் பிழை

இவற்றைப் படித்த ஆர்வத்தில், எங்கள் குடியிருப்பின் மாடித் தோட்டத்திற்கு 'வேம்' பொட்டலம் ஒன்று வாங்கி, பாலக்கீரைத் தொட்டிகளில் மேலாகத் தூவினோம். எந்த மாற்றமும் இல்லை. பொருள் போலி என்றே முடிவு கட்டினோம். பிழை எங்களுடையது என்பது பின்னரே விளங்கிற்று. பாலக்கீரையும், கடுகு, முட்டைக்கோசு, காலிஃபிளவர் ஆகிய கடுகுக் குடும்பப் பயிர்களும் இப்பூஞ்சையோடு பொதுவாகக் கூட்டுச் சேர்வதில்லை. மேலும், உயிருள்ள வேரைப் பற்றியே வாழும் இதனை மேலே தூவிப் பயனில்லை.

ஆகவே, பயன்படுத்த விரும்புவோர் கவனிக்க வேண்டியவை:

1. விதைக்குச் சற்றுக் கீழே, அல்லது நடவுக் குழியில் வேரைத் தொடும்படி இடுக. மிளகாய், தக்காளி, கத்தரிக்கு நாற்றங்காலிலேயே இடுதல் சிக்கனம்.

2. மண்ணில் மணிச்சத்து மிகுந்தால் செடி பூஞ்சையோடு உறவைக் குறைத்துக்கொள்ளும். எனவே மண்வள அட்டையின் பரிந்துரையை மீறி டி.ஏ.பி. இடுதல் இருமடங்கு இழப்பு.

3. பூஞ்சைக்கொல்லியை மண்ணில் ஊற்றும் நாட்களில் இதனை இடலாகாது.

4. அடிக்கடி ஆழ உழுதால் இழைவலை அறுபடும். நீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் இதன் பயன் குறைவு.

5. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985இன்கீழ் வரும் பொருள் இது. தயாரிப்பு நாள், காலாவதி நாள் பார்த்து வாங்கி, ரசீதைப் பாதுகாத்து வைக்கவும்.

இது உரத்துக்கு முழு மாற்றன்று. மண்ணில் இல்லாத சத்தைப் பூஞ்சை படைத்துத் தராது. இருப்பதை எடுத்துத் தரும், அவ்வளவே.

அப்பெரியவரின் மண்வள அட்டையில் மணிச்சத்து 'அதிகம்' என்றே இருந்தது. அட்டை பையில் மடித்தபடி இருந்ததேயன்றி, எவரும் அதை அவருக்குப் படித்துக் காட்டியிருக்கவில்லை. கடனை நாங்கள் மறுக்கவில்லை. ஓர் ஏக்கரில் மட்டும் அட்டைப்படி உரமிட்டு, துவரை விதையோடு உட்பூசணமும் இட்டு, மற்ற நிலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு வேண்டினோம். அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் கலந்துகொள்ளச் சொன்னோம். "ஓர் ஏக்கர்தானே, பார்த்துவிடலாம்" என்று சென்றிருக்கிறார்.

வாடிக்கையாளர்களும் தத்தம் மண்வள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். படித்துப் புரியவில்லையெனில் கடன் புதுப்பிக்க வரும்போது உடன் கொண்டு வாருங்கள். புதிய கடன் வாங்குமுன், காலடியில் கிடக்கும் பழைய இருப்பைக் கணக்கிடுதல் நன்று.