தர்ம ஸ்தாபனங்களும் இன்ஷூரன்ஸும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

பரோபகாரத்தையே நோக்கமாகக் கொண்டு ஸ்தாபனங்களை நடத்திவரும் பெரியோர்களிடத்தில் இன்ஷூரன்ஸ் என்ற பேச்சை எடுத்தால், "நாம் செய்வது புண்ணிய காரியம்; நம்மேல் யார் வழக்குப் போடப்போகிறார்கள்?" என்று சிரித்துக்கொண்டே கேட்பதைக் காணலாம். அநாதைக் குழந்தைகளின் இல்லம், முதியோர் இல்லம், இலவச வைத்தியசாலை, அன்னதான சபை என்று, டிரஸ்டாகவோ 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கமாகவோ நடைபெறும் இவற்றில் பலவற்றின் அலமாரியில் இருக்கும் பாலிசி ஒன்றே ஒன்றுதான். அது வண்டிக்கு உரியது. அதுவும் சட்டம் கட்டாயப்படுத்துவதனால் வாங்கியது.

இலவசமாகச் செய்யும் சேவைக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்பது முதல் நம்பிக்கை. இதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வருகிற அனைவருக்கும் ஒரு காசும் வாங்காமல் சிகிச்சை செய்யும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்தின் எல்லைக்குள் வராது என்று சொன்னது வாஸ்தவமே. ஆனால் சிலரிடம் கட்டணம் வாங்கிச் சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில், அந்த இலவச நோயாளியும் நுகர்வோரே என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. வசதி படைத்தவரிடம் வாங்கி ஏழைக்குச் செலவிடுவதுதானே நம் தர்ம வைத்தியசாலைகளில் பலவற்றின் வழக்கம்! முற்றிலும் இலவசமாக நடத்துகிறவர்களுக்கும் சிவில் நீதிமன்றத்தின் கதவு மூடிவிடவில்லை. அஜாக்கிரதையால் விளைந்த தீங்குக்கு அங்கே பதில் சொல்லியே ஆகவேண்டும். இதற்கென்றே பொதுப் பொறுப்புக் காப்பீடும், வைத்தியர்களுக்கான தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடும் விற்கப்படுகின்றன. போபால் விபத்துக்குப் பின் 1991-இல் வந்த பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுகிறவர்களுக்கு உரியது. பெயர் ஒற்றுமையைக் கண்டு, "அந்தச் சட்டம் நமக்கில்லையாமே" என்று காப்பீட்டையே கைவிடுகிறவர்களும் உண்டு.

வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்ற நிம்மதியைச் சற்று நிதானமாகப் பரிசீலிக்க வேண்டும். 'தேர்டு பார்ட்டி' என்று நாம் சொல்லும் பாலிசி, வண்டிக்கு வெளியே அடிபடுகிறவருக்காக ஏற்பட்டது. சட்டம் கட்டாயப்படுத்தும் அந்த அளவோடு நின்றுவிடும் பாலிசியில், கூலி கொடாமல் வண்டியில் ஏறிவருகிறவருக்குப் பாதுகாப்பில்லை என்பதை, இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் சென்றவரின் விஷயத்தில் 2006-இல் உச்ச நீதிமன்றமே தெளிவாக்கியிருக்கிறது. முதியோர்களைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச்செல்லும் சொந்த வேன் 'ஃபுல் இன்ஷூரன்ஸ்' எடுத்ததாக இருந்தால்தான் உள்ளே இருக்கிறவர்களுக்கும் அது உதவும். அப்போதும் டீசல் செலவுக்கென்று தலைக்கு இவ்வளவு என வசூலித்துவிட்டால், சொந்த உபயோகத்துக்கு என்று எழுதிக்கொடுத்த நிபந்தனையை நாமே மீறியவர்களாகிறோம். வெள்ள காலங்களில் 'குட்டி யானை'யில் அரிசி மூட்டைகளை ஏற்றி, மூட்டைகளின் மேல் பத்துப் பன்னிரண்டு இளைஞர்களையும் ஏற்றி அனுப்புகிறோமே, அந்தச் சரக்கு வண்டியில் சரக்குக்கு உடையவருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான் சட்டம் இடம் தருகிறது. மற்ற இளைஞர்கள் எந்தப் பாலிசியின் கண்ணிலும் இல்லாதவர்கள். இன்னொன்று: தனவந்தர் ஒருவர் வண்டியை நன்கொடையாகக் கொடுத்தால், மாலை மரியாதைகளோடு காரியம் முடிந்ததென்று எண்ணிவிடுகிறோம். பிறருக்கு நேரும் தீங்குக்கான காப்பு வண்டியோடு கூடவே வந்துவிடும். வண்டிக்கே நேரும் சேதத்துக்கான காப்பு அப்படி வருவதில்லை. மாற்றம் நடந்த பதினான்கு நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பித்துப் பாலிசியைப் புதிய உடைமையாளரின் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஊழியர்களுக்காக எடுத்த காப்பீடு தொண்டர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது மூன்றாவது நம்பிக்கை. 1923-இல் பிறந்து, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்ற தொழிலாளர் நஷ்டஈட்டு ஏற்பாடு சம்பளத்தை ஆதாரமாகக் கொண்டது. பிரீமியமும் சம்பளப் பட்டியலைப் பார்த்தே கணக்கிடப்படுகிறது. சம்பளமே வாங்காத தொண்டருக்கு அந்தப் பட்டியலில் இடமேது? வருஷத்துக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில், வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயது வரையிலான தொண்டர்களைச் சேர்த்துவிடுவது நல்ல காரியம்தான்; விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு அது உதவும். ஸ்தாபனத்தின் பொறுப்பை அது தீர்க்காது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது. தொண்டர்களின் பெயர்ப் பட்டியலோடு குழு விபத்துக் காப்பீடு ஒன்றைத் தனியே எடுப்பதும், பொறுப்புக் காப்பீட்டில் தொண்டர்களையும் சேர்த்து எழுதச் சொல்லி வற்புறுத்துவதுமே முறை.

கட்டடத்தின் மதிப்பு விஷயத்தில் கணக்கப்பிள்ளைகளின் சாமர்த்தியமே நம்மைக் கெடுக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன் கட்டிய, அல்லது யாரோ தானமாகக் கொடுத்த கட்டடம் பேரேட்டில் அற்பத் தொகையாக நிற்கிறது. அந்தத் தொகையையே பாலிசியிலும் எழுதிவிட்டுப் பிரீமியம் குறைந்ததென்று மகிழ்கிறோம். இன்று திரும்பக் கட்ட 1 கோடி ரூபாய் ஆகும் கட்டடத்தை அந்த அடிப்படையிலேயே 50 லட்சத்துக்குக் காப்புச் செய்து, சமையற்கட்டில் தீப்பிடித்து 10 லட்ச ரூபாய் நஷ்டமானால், கைக்கு வருவது 5 லட்சம்தான். குறைத்துக் காட்டிய பாதிக்கு நாமே இன்ஷூரன்ஸ் கம்பெனியாகிவிடுகிறோம். 2021-இல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி, குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேலே போனால் இதே கணக்குத்தான். தீ பாலிசி பேசுவது சுவருக்காகவும் சாமானுக்காகவும் மட்டுமே. சமையற்கூடத்துத் தீ எவ்வளவு தூரம் பரவும் என்பதை, 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளைப் பறிகொடுத்த கும்பகோணம் அறியும்; அத்தகைய நஷ்டத்துக்குத் தீ பாலிசியில் ஒரு வரியும் கிடையாது.

மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு எந்தக் கம்பெனியும் மருத்துவக் காப்பீடு தராது என்று சில இல்லங்கள் முயற்சியே செய்வதில்லை. உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டுமென்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துவிட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு முதலியன உள்ளவர்களுக்குத் தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டம் 1 லட்ச ரூபாய் வரை தருகிறது.

கடைசியாக, நன்கொடைப் பணத்தைப் பிரீமியத்துக்குச் செலவிடுவது தர்மமாகுமா என்று மனச்சாட்சியோடு தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விவேகமுள்ள ஒருவன் தன் சொத்தை எப்படிக் காப்பானோ அப்படியே டிரஸ்டியும் டிரஸ்டின் சொத்தைக் காக்கவேண்டும் என்கிறது 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டம். அது தனியார் டிரஸ்டுகளுக்கே நேராக உரியதெனினும், அதன் தத்துவத்தை நீதிமன்றங்கள் பொது தர்மங்களுக்கும் பொருத்தி வந்திருக்கின்றன. ஆகையால் கேள்வி கேட்கப்படக்கூடியவர் பிரீமியம் கட்டிய டிரஸ்டி அல்ல, கட்டாதவரே. கட்டுகிறவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 1938-ஆம் ஆண்டின் இன்ஷூரன்ஸ் சட்டப்படி பிரீமியம் முன்கூட்டியே கைக்கு வராமல் கம்பெனி எந்தப் பொறுப்பையும் ஏற்கலாகாது, நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் நிறைவேற்றிய தேதியை அங்கே யாரும் கேட்பதில்லை.