ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: காரின் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர்களை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: பின்புறத்தில் முடியும்; முன்புறம் வேறு கதை. மாருதி ஸ்விஃப்ட் போன்ற கார்களின் பின்பகுதியில், எடையைத் தாங்கும் சுருள்வில்லாகிய ஸ்பிரிங்கும், அதன் துள்ளலை எண்ணெயின் தடையால் அடக்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனியாக இருப்பதால், ஜாக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டுகளில் வண்டியை நிறுத்தி, ஷாக் அப்சார்பரின் போல்ட்டைக் கழற்றிய பின் அச்சை மெல்ல இறக்கினால், ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். முன்புறத்திலோ, அமெரிக்கப் பொறியாளர் மெக்பெர்சனின் பெயர் தாங்கிய ஸ்ட்ரட் அமைப்பில் இரண்டும் ஒரே தூணாக இணைந்திருக்க, அழுத்தத்திலுள்ள ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது உச்சியிலுள்ள ஒற்றை நட்டுதான். கம்ப்ரஸர் என்னும் கருவியால் ஸ்பிரிங்கைச் சுருக்காமல் அந்த நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் வெடித்தாற்போல் பாய்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஸ்பிரிங்கானாலும் ஷாக் அப்சார்பரானாலும் ஒரே அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும். புஷ் என்னும் ரப்பர் உறை பொருந்திய போல்ட்டுகளைச் சக்கரங்கள் தரையில் ஊன்றிய பின்னரே முழுமையாக முறுக்க வேண்டும். பலரும் பொருட்படுத்தாத இந்தப் படியைத் தவறவிட்டால், ரப்பர் முறுகிய நிலையிலேயே நின்று விரைவில் கிழியும். ஆகவே, முன் ஸ்ட்ரட்டை வீட்டில் கழற்றினாலும், ஸ்பிரிங்கைப் பிரிக்கும் வேலையைப் பட்டறையிடம் விட்டு, பொருத்தியபின் வீல் அலைன்மென்ட்டும் பார்த்துக்கொள்வதே வாசகருக்குத் தகும்.