கடலடியில் கிடக்கும் கல்லறைகள்: கிழக்கிலங்கைக்கு ஸ்கூபா போகிறவர்களுக்கு

மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தள்ளி, சுமார் 53 மீட்டர் ஆழத்தில், 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. விமானந்தாங்கி என்று பெயர், ஆனால் அன்று அதில் ஒரு விமானம்கூட இல்லை. 307 பேர் இறந்தார்கள். பக்கத்தில் வந்துகொண்டிருந்த 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றியது.

அதே மாதம், ஜப்பானியர் தாக்குவார்கள் என்ற பயத்தில் மதராஸ் நகரம் காலியாயிற்று. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமத்துக்குக் கிளம்பிய குடும்பங்களில் அந்த 'எவாக்குவேஷன்' கதை இன்றும் பேசப்படுகிறது. அதனால் இந்தக் கப்பல் நமக்குச் சம்பந்தமில்லாத ஒன்றல்ல.

அடையாறு, மயிலாப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆர்வமாக ஸ்கூபா கற்கிறார்கள். புதுச்சேரியும் அந்தமானும் பார்த்தவர்களின் கண் அடுத்து திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் போகிறது. சிலர் பிலிப்பைன்ஸின் கொரோன் விரிகுடா வரை போகிறார்கள். 1944 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பல்கள் அங்கே கிடக்கின்றன. எந்தக் கடலானாலும் கீழே சொல்பவை பொருந்தும்.

கிளம்பும் முன்

செய்ய வேண்டியவை:

• முதலில் நந்தம்பாக்கம் போய் வாருங்கள். மவுண்ட்-பூந்தமல்லி சாலையில் இருக்கும் மதராஸ் போர்க் கல்லறையில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டோர் அடக்கமாகியிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லாக நின்று வயதைப் படியுங்கள். இருபதுகளில் இருந்தவர்களே அதிகம். முதல் உலகப் போரில் இறந்து, நாட்டின் வெவ்வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பார்த்துவிட்டுக் கடலில் இறங்குபவருக்குக் கீழே தெரியும் இரும்பு வெறும் இரும்பாகத் தெரியாது. என் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

• உங்கள் சான்றிதழ் எந்த ஆழம் வரை என்று பாருங்கள். 'ஓப்பன் வாட்டர்' 18 மீட்டர், 'அட்வான்ஸ்டு' 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். ஹெர்மிஸ் அதற்கும் கீழே கிடக்கிறது. தொழில்நுட்ப டைவிங் பயிற்சியும், படிப்படியாக நின்று நின்று மேலேறும் பழக்கமும் உள்ளவர்களுக்கே அது. மற்றவர்களுக்கு, அதே நாளில் மூழ்கிய 'பிரிட்டிஷ் சார்ஜன்ட்' என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது. அது போதும், நிறைவாகவும் இருக்கும்.

• பயணத்தை மே முதல் செப்டம்பருக்குள் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தக் கடல் கலங்கிக் கொந்தளிக்கும்.

செய்யக்கூடாதவை:

• மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமாவையோ காதுக் கோளாறையோ இதய நோயையோ மறைக்காதீர்கள். காசு கட்டியாயிற்றே என்று சளியோடும் இறங்காதீர்கள். காதில் அழுத்தம் சமன் ஆகாமல் செவிப்பறை கிழியும்.

• நண்பர் போகிறார் என்பதற்காக உங்கள் பயிற்சிக்கு மீறிய ஆழத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடலுக்குள்

இங்கே செய்யக்கூடாதவைதான் அதிகம்.

• மூச்சை அடக்காதீர்கள். மேலேறும்போது நுரையீரலில் உள்ள காற்று விரியும். அடக்கிய மூச்சு உயிரை வாங்கும்.

• கப்பலின் உள்ளே நுழையாதீர்கள். எண்பது ஆண்டு உப்புநீரில் அரித்த தகடு எப்போது சரியும் என்று யாராலும் சொல்ல முடியாது. படிந்திருக்கும் வண்டல் ஒரு துடுப்பு அசைவில் கிளம்பினால் வந்த வழி தெரியாது.

• எதையும் எடுக்காதீர்கள். ஒரு தோட்டா உறை, ஒரு பீங்கான் துண்டுகூட வேண்டாம். மூழ்கிய போர்க்கப்பல் அதன் நாட்டுக்கே சொந்தம் என்பது உலக நாடுகளின் பொது வழக்கம். உள்ளே இறந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். ஜாவா கடலில் கிடந்த டச்சுப் போர்க்கப்பல்களைப் பழைய இரும்புக்காகத் திருடர்கள் அறுத்து அள்ளிப் போனது 2016-இல் தெரியவந்தது. நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறை அப்படி இல்லாமல் போயிற்று. ஞாபகார்த்தம் என்று நாம் எடுக்கும் ஒரு துண்டும் அதே காரியம்தான். தவிர, வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும், தொட்டால் ஆபத்து.

• பீரங்கியின் மேல் உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். பெசன்ட் நகர் கடற்கரையில், 1930-இல் பிறரைக் காப்பாற்றப் போய்த் தான் மூழ்கிய டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச்சின்னம் நிற்கிறது. அதன் சுவரில் காதலர் பெயர்களைக் கிறுக்கிய கைகள் நம் ஊர்க் கைகள். அந்தப் பழக்கத்தைக் கடலடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.

செய்ய வேண்டியவை குறைவு: சிக்கிய மீன்வலையை அறுக்கச் சிறு கத்தி வைத்துக்கொள்ளுங்கள். துணையை விட்டுப் பிரியாதிருங்கள். மேலேறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள்.

கரையில்

இதை நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1942-ஐப் பார்க்கப் போகும் ஊரில், 2009 வரை நீடித்த போரைக் கண்டவர்கள் வாழ்கிறார்கள். படகோட்டும் அண்ணன், சோறு பரிமாறும் அக்கா, விடுதி ஐயா எல்லோரும் யாரையாவது இழந்திருக்கக்கூடும். 2004 சுனாமியும் மட்டக்களப்பின் கல்லடி, நாவலடிப் பக்கம் குடும்பம் குடும்பமாக வாரிக்கொண்டு போனது. அதே சுனாமியில் சென்னைப் பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் பட்டதை அறிந்த நமக்கு அது புரியும்.

• நாமும் தமிழர்தானே என்ற உரிமையில் "போரில் என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். சென்னையில் உட்கார்ந்து நாம் வளர்த்துக்கொண்ட அரசியல் கருத்துகளை அங்கே பேச வேண்டாம். நாம் திரும்பி வந்துவிடுவோம், அவர்கள் அங்கேயே வாழ வேண்டும்.

• சொன்னதைப் பதிவு செய்வதோ முகத்தோடு இணையத்தில் போடுவதோ கூடாது. ராணுவ முகாம்களையும் கடற்படைத் தளங்களையும் படம் எடுக்காதீர்கள்.

• கல்லறைகளில் செருப்புக் காலோடு நடக்கலாம்; கற்களின் மேல் உட்காரவோ சாயவோ கூடாது. பூ வைக்கலாம். வருகைப் பதிவேடு இருந்தால் பெயர் எழுதுங்கள்.

திரும்பும்போது

• டைவ் முடித்த கையோடு நுவரெலியா போகாதீர்கள். மட்டக்களப்பிலிருந்து பதுளை வழியாக மலையேறும் திட்டம் பலருக்கு இருக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் உயரம் ஏறினால் அது இரத்தத்தில் குமிழியாகும். மூட்டுவலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகலாம். விமானத்துக்கும் இதே விதி. கட்டாய நிறுத்தங்கள் தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், அப்படிப்பட்ட பல டைவ்கள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். ஹெர்மிஸ் போல நின்று நின்று மேலேறும் டைவ் என்றால் அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

• ஆகவே கடைசி டைவுக்கும் கொழும்பு விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அந்த நாளில் திருகோணமலைக்குப் போய், நிலாவெளி சாலையில் உள்ள போர்க் கல்லறையைப் பாருங்கள். உடம்புக்கு எப்படியும் அந்த ஓய்வு தேவை. அதை இறந்தவர்களுக்குக் கொடுங்கள்.