நெரிசலில் கொதிக்கும் பைக்

கேள்வி: மே மாத வெயிலில் கிண்டி நெரிசலில் ஊர்ந்தால் என் 150 சிசி பைக் இன்ஜின் அனலாய்க் கொதிக்கிறது. கெட்டுவிடுமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: உடனே கெட்டுவிடாது. உங்கள் பைக் காற்றால் குளிர்வது என்றால், இன்ஜினைச் சுற்றியுள்ள தகடுகளில் காற்று மோதினால்தான் சூடு இறங்கும். வண்டி நகராதபோது காற்று ஏது? ரேடியேட்டர் உள்ள வண்டிகளில் அந்த வேலையை மின்விசிறி பார்த்துக்கொள்ளும்.

முதலில் ஆயிலைப் பாருங்கள். பலர் பெட்ரோல் போடுவதோடு சரி. ஆயில் அளவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உராய்வைக் குறைப்பதோடு, உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்து வெளியேற்றுவதும் ஆயில்தான். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி அளவைப் பாருங்கள். கையேட்டில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். தகடுகளுக்கு இடையில் அப்பிய சேற்றையும் சுரண்டி எடுங்கள். முன்னால் விளம்பரப் பலகை மாதிரி எதையாவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள்.

கிளட்ச்சைப் பாதி பிடித்தபடியே ஊர்வது பெரிய தப்பு. தட்டுகள் வழுக்கி அதுவும் சூடேற்றும். முன்னே கொஞ்சம் இடம் விட்டு, முதல் கியரில் கிளட்ச்சை முழுதாக விட்டுப் போங்கள். நீண்ட சிக்னலில் இன்ஜினை அணையுங்கள்.

சூடான இன்ஜின்மேல் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடலாம். இழுவை குறைந்து டக் டக்கென்று சத்தம் வந்தால், நிழலில் நிறுத்தி ஆறவிட்டு, மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.